பழுது பார்த்தல்

1

பழுது பார்ப்பதை ஒரு நற்குணமாகப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எறிந்துவிட்டு வேறு வாங்கும் பழக்கத்தின் மீது எழுந்திருக்கும் சலிப்பில் இதற்கு நியாயமும் உண்டு. 2022 டிசம்பரில் இந்திய அரசே ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. காந்தியவாதி, சுற்றுச்சூழல்வாதி, பழம்பொருள்களால் வீட்டை அலங்கரிப்பவர் மூவரும் இன்று ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: தூக்கி எறியாதே, சரி செய். மூன்று வெவ்வேறு வாய்களிலிருந்து ஒரே வாக்கியம் வரும்போது, யோசிக்கப்படாமலேயே அது உண்மையாகிவிடும் அபாயம் இருக்கிறது. அந்த வாக்கியத்தைச் சற்று நிறுத்தி விசாரிப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம். சரி செய்வதில் ஒரு நன்மை இருக்கிறது என்றால் அது எங்கே இருக்கிறது? பொருளிலா, செய்கிறவனிடத்திலா, பொருள் எதற்குப் பயன்படுகிறதோ அந்தக் காரியத்திலா?

சௌகரியமான உதாரணங்களை வைத்து இதை விசாரிப்பதில் பிரயோஜனமில்லை. தாத்தாவின் கடிகாரம், அம்மாவின் தையல் மெஷின் என்று ஆரம்பித்தால் விடை முன்கூட்டியே கிடைத்துவிடும். கடிகாரம் விலையுள்ளது, தையல் மெஷின் சோறு போட்டது. அவற்றைப் பழுது பார்ப்பது நல்லது என்று சொல்லத் தத்துவம் தேவையில்லை. விலையும் இல்லாமல், நல்ல காரியத்துக்கும் உதவாமல் இருக்கிற ஒரு பொருளை ஒருவன் சிரத்தையோடு பழுது பார்த்தால் என்ன சொல்வோம்? அப்படி ஒரு பொருளை நான் அறிவேன். சோளச்சக்கையில் செய்த புகையிலைச் சுங்கான்.

2

மக்காச்சோளக் கதிரில் மணிகளை உதிர்த்த பிறகு மிஞ்சுவது சக்கை. நம் பக்கம் அது அடுப்புக்குப் போகும். அமெரிக்காவில், மிசூரி நதிக்கரையிலுள்ள வாஷிங்டன் என்ற சிற்றூரில் அதைக் குடைந்து, ஒரு மரத்தண்டு செருகி, புகைக்கும் சுங்கானாக ஒன்றரை நூற்றாண்டாக விற்று வருகிறார்கள். ஹாலந்திலிருந்து குடியேறிய ஹென்றி டிப்பே என்ற கடைசல்காரர் 1869-இல் ஆரம்பித்த தொழில் இது. குடியானவர் ஒருவர் கையால் குடைந்த சக்கையைக் கொண்டுவந்து கடைந்து தரச் சொன்னதுதான் தொடக்கம் என்பது அந்தக் கம்பெனி சொல்லிக்கொள்ளும் வரலாறு. சக்கையின் நுண்துவாரங்களைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி அடைக்கும் முறைக்கு 1878-இல் காப்புரிமை கிடைத்தது. 1907-இல் கம்பெனி ‘மிசூரி மீர்ஷாம்’ என்று பெயர் வைத்துக்கொண்டது. மீர்ஷாம் என்பது துருக்கியில் கிடைக்கும் வெள்ளைக் கனிமம். ஐரோப்பியச் சீமான்கள் அதில் சிற்பம் செதுக்கிப் புகைத்தார்கள். ஏழையின் சக்கைக்குச் சீமானின் கல் பெயரை இட்டதில் ஒரு கேலியும் ஒரு ஆசையும் சேர்ந்தே இருக்கின்றன. பிற்பாடு, 1946-இல், மிசூரிப் பல்கலைக்கழகம் இதற்கென்றே தடித்த சக்கையுடைய ஒரு வீரியச் சோளத்தை உருவாக்கிக் கொடுத்தது. மணிக்காக இல்லாமல் சக்கைக்காக விளைவிக்கப்படும் சோளம்!

ஜெனரல் மக்ஆர்தரின் புகைப்படங்களில் வாயில் நீட்டிக்கொண்டிருப்பது இந்த வகைதான். கார்ட்டூனில் கீரை தின்னும் மாலுமி பாப்பாய் கடித்துக்கொண்டிருப்பதும் இதுதான். விலை சில டாலர். தீய்ந்தால் தூர எறிந்துவிடத்தக்க ஒன்றாகவே பிறந்தது.

நம் புகையிலைப் பழக்கத்தில் கருவி என்பது அநேகமாக இல்லை. பீடி, சுருட்டு, பொடி, வெற்றிலையோடு அடக்கிக்கொள்ளும் காம்பு எல்லாமே உபயோகத்தோடு அழிந்து போகிறவை. 1887-இல் கானன் டாயில் தன் முதல் ஹோம்ஸ் நாவலில் துப்பறிய வைத்துக்கொண்ட திருச்சிராப்பள்ளிச் சுருட்டும்கூடச் சாம்பலாக மட்டுமே எஞ்சுகிறது. பாக்குவெட்டி ஒன்றுதான் சாணைக்குப் போகிறது. சுங்கான் அப்படியல்ல. புகையிலை போன பிறகும் அது இருக்கிறது; இருப்பதால் அதற்குப் பழுது உண்டு.

அந்தப் பழுதுகளைச் சொல்லியாக வேண்டும். சக்கைக் கிண்ணத்தின் அடியில் மரத்தண்டின் முனை உள்ளே துருத்திக்கொண்டிருக்கும். நெருப்பு முதலில் தின்பது அதைத்தான். சாம்பலைத் தண்ணீரில் குழைத்த பசையை அடியில் அப்பி, ஓரிரு நாள் காயவிட்டால் அடிப்பாகம் தப்பும். கிண்ணத்தின் உட்சுவரில் நாளடைவில் கரி படியும். மெல்லிய படலம் சக்கையைத் தீயிலிருந்து காக்கிறது. அதே படலம் ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்தைத் தாண்டினால் சூட்டில் விரிந்து கிண்ணத்தையே வெடிக்க வைக்கும். ஆகவே சுரண்ட வேண்டும், முழுக்கச் சுரண்டவும் கூடாது. சூடு ஆறுமுன் வாய்க்குழலைத் திருகினால் தண்டு விண்டுவிடும். வாய்க்குழல் தளர்ந்துபோனால் செருகுமுனையில் தேன்மெழுகு தடவலாம். தண்ணீரில் போட்டுக் கழுவ முடியாது, சக்கை ஊறிப்போகும். ஈர்க்குச்சியில் பஞ்சு சுற்றித் துழாவ வேண்டும். ஒரு தடவை புகைத்தால் ஒரு நாளாவது உலரவிட வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் நம் ஊர் ஈரத்துக்கு ஒரு நாள் போதாது, உள்ளே பூஞ்சை கண்டுவிடும்.

3

இவ்வளவும் எனக்கு எங்கள் தெருக்காரர் ஒருவர் மூலம் தெரியவந்தவை. ஆவடித் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்மனாக இருந்து ஓய்வு பெற்றவர். அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்து கொடுத்த சக்கைச் சுங்கானை வருஷக் கணக்கில் வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசற்படியில் பழைய தினசரியை விரித்து, அதைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பஞ்சு, பேனாக்கத்தி, மெழுகுத் துண்டு, ஒரு பழைய பல் பிரஷ். ஒருமுறை கேட்டேன்.

“இதுக்குப் போய் ஏன் சார் இவ்வளவு மெனக்கெடுறீங்க? புள்ளகிட்ட சொன்னா நாலு வாங்கி அனுப்பிடுவாரே.”

“விலைக்கா தம்பி பாக்குறோம்? பாக்க ஆரம்பிச்சா பாத்துத்தான ஆவணும்.”

இந்தப் பதிலில் என்னை நிறுத்தியது அந்த வினைச்சொல். அதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர் ஒரு தனி ஆசாமி அல்ல. பட்டாபிராமில் இருக்கிற ஒருவனுக்குப் பராமரிப்பு என்பது ஜீவனம். ஆவடியில் மின்ரயில் பெட்டிகளைப் பழுது பார்க்கும் பணிமனை இருக்கிறது. 1961-இல் ஆவடியில் ஏற்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965-இல் ‘விஜயந்தா’ டாங்கி வெளிவந்தது. அன்றிலிருந்து டாங்கி செய்வதும், ஓடித் தேய்ந்த டாங்கியைப் பிரித்து மறுபடி பூட்டுவதும் இப்பகுதியில் இரண்டு மூன்று தலைமுறைகளின் சாப்பாடு. ராணுவப் பண்டகசாலைகளுக்காகப் பிரதான ரயில் பாதையிலிருந்து பிரிந்து போகும் ஒரு கிளைப்பாதையின் பெயரே ‘மிலிட்டரி சைடிங்’. 2024 நவம்பரில் பட்டாபிராமில் டைடல் பார்க் திறந்த பிறகு கண்ணாடிக் கட்டிடத்துக்குள் போகிற இளைஞர்களில் பலருடைய தகப்பனார்கள் கிரீஸ் கையோடு வீட்டுக்கு வந்தவர்கள். ஒரு நட்டு எத்தனை இறுக்கம் வேண்டும் என்பதைக் கை சொல்லும் மனிதர்கள். அந்தக் கைதான் ஞாயிற்றுக்கிழமை சோளச்சக்கையைத் துடைக்கிறது.

4

பழுது பார்த்துப் பார்த்து ஒரு பொருள் அதே பொருளாக இருக்கிறதா என்பது பழைய கேள்வி. பலகை பலகையாக மாற்றப்பட்ட தெஸியஸின் கப்பலைப் பற்றி ஏதென்ஸில் தர்க்கம் நடந்ததாக ப்ளூடார்க் எழுதியிருக்கிறார். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாட்டியின் அரிவாள்மணையில் அலகு தேய்ந்து கொல்லன் வேறு போட்டான்; பலகை உளுத்துத் தச்சன் வேறு போட்டான். அது இன்னும் பாட்டியின் அரிவாள்மணைதான். தெருக்காரரின் சுங்கானிலும் வாய்க்குழல் மாறியிருக்கிறது. நாளைக்குக் கிண்ணமும் மாறினால்?

எதிர்த் திசையில் ஒரு உதாரணம், என் மேஜையிலிருந்தே. கிழிந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் வங்கிக்கு வருகிறார். ரிசர்வ் வங்கியின் 2009-ஆம் வருஷ விதிகளின்படி, இருபது ரூபாய் வரையுள்ள நோட்டில் மிஞ்சிய பெரிய துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணம். ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் எண்பது சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம், நாற்பதிலிருந்து எண்பது வரை பாதிப் பணம். எதனால் கிழிந்தது, யார் மடியில் இருந்தது, எந்த மழையில் நனைந்தது என்பது விதிக்கு வேண்டாம். பரப்பளவு போதும். வேறு நோட்டைக் கொடுத்தவுடன் பழையதன் சரித்திரம் முடிந்தது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். சரித்திரம் ஒட்டிக்கொண்டிருக்கிற பணம் செலாவணியாகாது.

மாற்றிக்கொள்ளத்தக்க பொருள் என்பது ஞாபகமில்லாத பொருள். இன்று சந்தையில் வரும் பெரும்பாலான பொருள்கள் நோட்டின் குணத்தைப் பெற்றுவிட்டன. சிகரெட்டின் கடைசித் துண்டைச் செருப்பால் நசுக்கும்போது, குடித்தவனுக்கு அந்தச் செயலின் சாட்சியமும் நசுங்கிப்போகிறது. அடுத்தது புதியது, வெள்ளையானது, முன்கதையற்றது. பாக்கெட்டில் போட்டிருக்கும் எச்சரிக்கைப் படம் வேறு யாருடைய வாயோ. சக்கைச் சுங்கானோ நோட்டைப் போல மாற்றிக்கொள்ளத்தக்கதாகப் பிறந்து, பராமரிப்பினால் மாற்றிக்கொள்ள முடியாததாக ஆகிறது. பஞ்சு கறுப்பாக வெளியே வருகிறது. தான் இழுத்ததில் ஒரு பங்கு அதில் இருக்கிறது, மறுபங்கு எங்கே போயிற்று என்பது யூகிக்க முடியாத விஷயமல்ல.

சரித்திரத்தை வைத்துக்கொண்டே சரி செய்வது எப்படி என்பதற்கு நம் மொழியிலேயே பெரிய உதாரணம் இருக்கிறது. ஏட்டுச் சுவடிக்கு ஆயுள் குறைவு; திரும்பப் பிரதி செய்துகொண்டே இருந்தால்தான் நூல் பிழைக்கும். பிரதி செய்தவன் பிழையையும் சேர்த்துப் பிரதி செய்தான், புதுப் பிழையும் சேர்த்தான். செல்லரித்த ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட வழக்கத்தை உ.வே. சாமிநாதையர் வேதனையோடு பதிவு செய்திருக்கிறார். 1887-இல் சீவக சிந்தாமணியும் 1894-இல் புறநானூறும் அவர் பதிப்பில் வந்தபோது நடந்தது வெறும் மீட்பு என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். என் கணக்கில் அதைவிட முக்கியமானது, அவர் பாடபேதங்களைக் காட்டியது. தனக்குச் சரியென்று பட்டதை மேலே வைத்து, மற்றதைக் கீழே விட்டுவைத்தார். செப்பனிட்ட இடம் தெரியும்படி செப்பனிடுவது என்று அதைச் சொல்லலாம். பழுதை மறைக்கிற ரிப்பேர் ஒருவகை, காட்டுகிற ரிப்பேர் ஒருவகை.

5

‘ரிப்பேர்’ என்ற சொல்லை நாம் வாங்கிக்கொண்ட விதம் விசித்திரமானது. இங்கிலீஷில் அது சரி செய்வதைக் குறிக்கும். தமிழில் ‘வண்டி ரிப்பேர்’ என்றால் வண்டி ஓடவில்லை என்று அர்த்தம். நோயின் பெயரும் மருந்தின் பெயரும் ஒன்றாகிவிட்டது. சிரிப்பதற்கில்லை, இதில் ஒரு நேர்மை இருக்கிறது. சரி செய்யப்பட்டுக்கொண்டிருக்கும் பொருள் என்பது பழுதுள்ள பொருள்தான்.

நமக்கே உரிய சொல் இன்னும் துல்லியமானது. ‘பழுது பார்த்தல்.’ நீக்குதல் அல்ல, பார்த்தல். வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம், வேலை பார்க்கிறோம். இந்தச் சேர்க்கைகளில் ‘பார்’ என்பது கண்ணின் வினை மட்டுமில்லை. பொறுப்பேற்று நிற்பதும் அதற்குள் இருக்கிறது. தெருக்காரர் “பாக்க ஆரம்பிச்சா பாத்துத்தான ஆவணும்” என்றபோது இரண்டு அர்த்தங்களும் அதில் இருந்தன. அவர் அறிந்து சொன்னாரா என்பது முக்கியமில்லை, பாஷை அறிந்திருக்கிறது.

ஆக, பழுது பார்ப்பதில் நன்மை இருக்கிறது என்றால் அது சிக்கனத்தில் இல்லை. சக்கைச் சுங்கானுக்குச் செலவாகும் நேரத்தின் மதிப்பு அதன் விலையை எப்போதோ தாண்டிவிட்டது. அதன் காரியத்திலும் இல்லை. சுங்கான் பிடிப்பவர்களின் உதட்டில் புற்று வருவதை 1795-லேயே ஸோமரிங் என்ற ஜெர்மானிய வைத்தியர் குறித்து வைத்தார். அடையாற்றில் 1954-இலிருந்து இயங்கும் புற்றுநோய் நிலையத்தின் வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தவனிடம் புகையிலையின் கலாசார மகிமையைப் பேச முடியாது. மிஞ்சுவது பார்வை ஒன்றுதான். பராமரிக்கிறவனுக்கு, தான் வைத்திருப்பது என்ன, அது எப்படி வேலை செய்கிறது, எதை விட்டுச் செல்கிறது என்பது தெரிகிறது. எறிகிறவனுக்கு இருக்கிற ‘எனக்குத் தெரியாது’ என்ற சலுகை அவனுக்கு இல்லை.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபணை உண்டு. அதைத் தட்டிக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. தெரிந்தவன் விட்டுவிடுகிறானா? இல்லையே. அந்தப் பஞ்சும் கத்தியும் மெழுகும் சேர்ந்து பழக்கத்துக்கு ஒரு சடங்கின் அழகைக் கொடுத்துவிடுகின்றன. மூன்று வேளை புகைத்தவர், உலரவிட வேண்டும் என்பதற்காக ஒரு வேளையாக்கிக்கொண்டிருக்கலாம். அதைக் கட்டுப்பாடு என்று தனக்குத்தானே சொல்லியும் கொள்ளலாம். கவனத்தோடு செய்யப்படுகிற தீங்கு குறைந்த தீங்காக ஆகிவிடுவதில்லை. கவனம் அதற்கு மெருகு கொடுக்கிறது, அவ்வளவுதான்.

உருவத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் நடந்துவரும் சர்ச்சைக்கும் இதற்கும் உறவு இருக்கிறது. சொல்லுக்குச் சொல் இழைத்து, பிசிறு நீக்கி, சப்தம் பார்த்து அமைத்த கவிதை ஒன்று உள்ளே சூன்யமாக இருக்கக்கூடும். அந்தச் சூன்யத்தை நாம் கவனிக்காமல் போவதற்கு அந்த இழைப்பே காரணமாக இருக்கும். தேர்ச்சி தன்னளவில் புண்ணியம் என்கிற நம்பிக்கை விமர்சகனைச் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும் நோய். ‘நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறது’ என்று சொல்லிவிட்டு, எது செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்க மறந்துபோவான்.

ஆட்சேபணை நியாயமானது. ஆனால் அது நிரூபிப்பது, பார்வை பாதியில் நின்றுவிட முடியும் என்பதைத்தான். பழுது பார்த்தல் இரண்டு படி உள்ளது. பொருளில் உள்ள பழுதைப் பார்ப்பது முதல் படி: தளர்ந்த வாய்க்குழல், தீய்ந்த அடி, தடித்த கரி. பொருளே ஒரு பழுதாக இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டாவது. முதலாவதற்குக் கை வேண்டும். இரண்டாவதற்கு, முதலாவதைச் செய்த கையை நிறுத்தி வைத்துக்கொண்டு யோசிக்கிற துணிச்சல் வேண்டும். முதலாவதோடு நின்றுவிடுகிறவன் நல்ல தொழிலாளி, அதற்கு மேல் அவனைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை. முதலாவதை எட்டாமல் இரண்டாவதைப் பேசுகிறவன் உபதேசி. அவன் சொல்வது உண்மையாக இருக்கலாம். கேட்கிறவனின் கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லாமல் போகிறது.

சுங்கான் சின்ன விஷயம். ஒருவர் தன் உதட்டையும் நெஞ்சையும் பணயம் வைக்கிறார், பக்கத்தில் இருப்பவர்களுடையதையும் ஓரளவு. ஆனால் இதே கேள்வி பட்டாபிராமின் மற்றக் கைகளுக்கும் உண்டு. டாங்கியின் எஞ்சினை இறக்கிச் சுத்தம் செய்கிறவன், அது பழுதில்லாமல் ஓடினால் யார் மீது ஓடும் என்ற கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். நாட்டைக் காக்க அது வேண்டும் என்று அவனுக்குப் பதில் கிடைக்கலாம், அந்தப் பதில் சரியாகவும் இருக்கலாம். கேட்டுப் பெற்ற பதில் வேறு, கேட்காமல் இருந்துவிட்டது வேறு. என் வேலையும் விலக்கில்லை. நகைக்கடன் தவணை தவறினால் ஏல நோட்டீஸ் போகும். பெயர் சரியா, கிராம் சரியா, தேதி சரியா என்று நான் பார்க்கிறேன். பிழையில்லாத நோட்டீஸ் ஒரு நல்ல குமாஸ்தாவின் அடையாளம். பிழை இருந்தால் வாங்கியவருக்கே நஷ்டம் என்பதும் வாஸ்தவம். ஆயினும் நோட்டீஸில் உள்ள பிழையைப் பார்ப்பது முதல் படிதான். ஒரு வீட்டில் கடைசியாக மிஞ்சிய தோடு எட்டு கிராம் என்பது மேஜையில் இருக்கும் எனக்குத் தெரிகிற அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு செய்ய வேண்டியது என்ன என்பதற்கு விதிப் புத்தகத்தில் இடமில்லை. கெடுவைக் கவுண்டரிலேயே நிதானமாக இரண்டு முறை எடுத்துச் சொல்வது போன்ற அற்பக் காரியங்களுக்கு மட்டும் இடமிருக்கிறது.

கடைசியில் ஒன்று. பழுது பார்க்கிறவன் எறியவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எப்போது எறிய வேண்டும் என்று சொல்லத் தகுதியுள்ளவன் அவன்தான் என்கிறேன். சக்கைக் கிண்ணம் ஒருநாள் பக்கவாட்டில் தீய்ந்து கறுப்புப் புள்ளியாகத் தெரியும். விரலை வைத்தால் சுடும். சாம்பற்பசை அதற்கு மேல் நிற்காது. எத்தனை தடவை பசை நின்றது, எந்தத் தடவை நிற்காமல் போயிற்று என்று அறிந்தவனின் எறிதலும், சலிப்பால் எறிகிறவனின் எறிதலும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். மரபைப் பற்றி, நிறுவனங்களைப் பற்றி, நாம் கைவிடச் சொல்லியும் காப்பாற்றச் சொல்லியும் எழுதிக்கொண்டிருக்கும் எத்தனையோ விஷயங்களைப் பற்றி, எழுதுகிறவரை நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்று எனக்குப் படுகிறது: நீங்கள் இதைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா, எத்தனை நாள்?